வயது தெரியாத இறாலின் வளர்ச்சியை நீளத்தை வைத்துக் கணக்கிடுவது எப்படி

மீனுக்குத் தலைக்குள் காதுக்கல் உண்டு. அதை எடுத்து வளையங்களை எண்ணி வயது சொல்லலாம். இறாலுக்கு அந்த வசதி இல்லை. ஓட்டை உரித்துப் போட்டுவிட்டுத்தான் அது வளர்கிறது. பழைய ஓட்டோடு பழைய அடையாளமும் போய்விடுகிறது. ஆகவே கையில் இருக்கும் ஓர் இறாலைப் பார்த்து இது எத்தனை மாசம் என்று அன்றாட வேலையில் யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த மாசம் கூட்டம் எந்த நீளத்தில் குவிந்திருக்கிறது, அடுத்த மாசம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுவதுதான் வழி.

எனக்குச் சொந்த ஊர் உவரி. அப்பா டிஸ்கோ வலை (மூன்றடுக்கு வலை) போட்டு இறால் பிடித்தவர். நான் பாளையங்கோட்டையில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். மீன்வளம் படிக்கிற பிள்ளைகள் அளவெடுத்த நோட்டோடு வந்து, “டீச்சர், இதுக்கு வளர்ச்சிக் கோடு போட்டுத் தாங்க” என்று கேட்பார்கள். நோட்டைத் திறந்ததுமே நான் கேட்பது, “எந்தக் குவியல்ல இருந்து எடுத்தீங்க?” என்பதுதான். துறைமுகத்தில் கோணலாக எடுத்த மாதிரியை எந்த மென்பொருளும் நேராக்கித் தராது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கடற்கரையிலேயே நிற்கப் போகிறேன்.

குவியல் பிரிவதற்கு முன்னால் போய் நில்லுங்கள்

தூத்துக்குடி துறைமுகமானாலும் உவரிக் கரையானாலும் இறால் வந்து இறங்கியதும் பிரித்துவிடுவார்கள். பெரிசு தனி, நடுத்தரம் தனி, பொடி தனி. கம்பெனிக்காரர்கள் கவுண்ட் பார்த்துத்தான் விலை வைப்பார்கள். கிலோவுக்கு 30 உருப்படி நின்றால் 30 கவுண்ட்; 60 நின்றால் 60 கவுண்ட். பிரித்த பிறகு ஏதோ ஒரு கூடையில் கையை விட்டீர்களென்றால், நீங்கள் அளப்பது கடலில் இருக்கும் இறாலை அல்ல, அந்த வியாபாரியின் கண்ணளவை. நீளப் பரவலில் அழகழகாக மூன்று மேடு தெரியும். மூன்றும் பிரித்தவர்கள் போட்ட மேடு.

எனவே பிரிப்பதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். பிரிக்கும் அக்காமாரிடம் பணிவாகச் சொன்னால் போதும்: “அக்கா, ஒரு வாளி மட்டும் அளந்துட்டு அப்படியே தந்துருதேன், ஏலத்துக்கு முன்னாடி முடிச்சிருவேன்.” சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுத் தருவார்கள். “பெரிய றாலா பொறுக்கித் தரட்டா பிள்ளே?” என்று அன்பாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சிரித்தபடி மறுத்துவிட்டு, குவியலின் அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் நீங்களே அள்ளிக்கொள்ளுங்கள்.

அள்ளிய மாதிரியின் எடையையும் அந்தப் படகின் மொத்த இறால் எடையையும் குறிப்பது கட்டாயம். மாதிரி 2 கிலோ, படகில் மொத்தம் 24 கிலோ என்றால், மாதிரியில் உள்ள ஒவ்வோர் இறாலும் 12 இறாலுக்குச் சமம். இந்தப் பெருக்கல் இல்லாமல் படகுகளைக் கூட்டினால், 3 கிலோ பிடித்த வள்ளமும் 60 கிலோ பிடித்த விசைப்படகும் ஒரே மதிப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வலையைக் கலக்காதீர்கள். இழுவை மடியில் விழுவதும் டிஸ்கோ வலையில் சிக்குவதும் ஒரே அளவு அல்ல. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இடைவெளியை நிரப்ப, நாட்டுப்படகு இறாலை அளந்து அதே அட்டவணையில் சேர்த்துவிடுகிறார்கள். சேர்த்தால் மே மாசத்தில் இறால் திடீரென்று வளர்ந்தது போலவோ சுருங்கியது போலவோ தெரியும். வலை மாறியது தவிர அங்கே வேறொன்றும் நடந்திருக்காது. இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். அதைக் கணக்கில் எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

ஓர் இறாலை அளப்பது

மொத்த நீளம் வேண்டாம் என்பது என் கட்சி. தலையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு ஐஸ் பெட்டியில் உடைந்துவிடும். வால் வளைந்திருக்கும், நிமிர்த்திப் பிடிக்கிற கைக்கு ஏற்றபடி 2, 3 மி.மீ. மாறும். தலை ஓட்டின் நீளத்தை எடுங்கள். இறாலை இடது கையில் முதுகு மேலே வரும்படி பிடியுங்கள். காலிப்பரின் (இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்து அளக்கும் கருவி) ஒரு முனையைக் கண் இருக்கும் குழியின் பின் விளிம்பில் வையுங்கள். மறுமுனை, தலை ஓடு முடிந்து முதல் வால் கணு தொடங்கும் இடத்தில், முதுகின் நடுக்கோட்டில் வரவேண்டும். நடுக்கோடு முக்கியம், பக்கவாட்டில் ஓடு இன்னும் பின்னால் நீண்டிருப்பதால் அங்கே வைத்தால் அளவு கூடிப்போகும். முனையை அழுத்தாதீர்கள். அண்மையில் ஓடு உரித்த இறால் விரலுக்கே அமுங்கும். அதை அளந்து, பக்கத்தில் ‘மெது’ என்று குறித்துவையுங்கள்.

அளந்த கையோடு திருப்பிப் போட்டு ஆணா பெண்ணா என்று பாருங்கள். முதல் ஜோடி நீச்சல் கால்களை இணைத்தபடி நடுவில் ஓர் உறுப்பு இருந்தால் ஆண். கடைசி ஜோடி நடைகால்களுக்கு நடுவே, மார்பின் அடியில் தட்டுபோல இருந்தால் பெண். வெள்ளை இறாலிலும் உடம்பில் பட்டை போட்ட இறாலிலும் பெண்தான் பெரிசாக வளரும். இரண்டையும் சேர்த்து ஒரே பரவலாகப் போட்டால், ஒரே வயதுள்ள ஆண் கூட்டம் ஒரு மேடு, பெண் கூட்டம் இன்னொரு மேடு என்று நின்று, இரண்டு வயதுக் கூட்டங்கள் என்று நம்மை நம்பவைத்துவிடும். ஆண் பெண் பிரிக்காமல் கொண்டுவரும் நோட்டை வைத்து வளர்ச்சிக் கோடு போட நான் சம்மதிப்பதில்லை. அந்தத் தரவு வேறு எதற்காவது பயன்படலாம், இதற்கு ஆகாது.

300 இறால் என்றால் 300 தகவலா?

“மாசம் 300 அளந்துட்டேன் டீச்சர், போதாதா?” என்று கேட்பார்கள். எத்தனை படகிலிருந்து என்பதைப் பொறுத்துத்தான் பதில். ஒரே படகில் வந்த இறால் எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில், ஒரே வலையில் விழுந்தவை, ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். ஒரு படகுக்குள் உள்ள இந்த ஒற்றுமையை ஓர் எண்ணால் அளப்போம். அது 0.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுக்கு இத்தனை என்று எடுத்தால், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, 0.1ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற விடையால் மொத்த எண்ணிக்கையை வகுத்தால் உண்மையில் உங்களிடம் எத்தனை இறாலுக்கான தகவல் இருக்கிறது என்று தெரியும்.

ஒரே படகில் 300 எடுத்தால்: 1 + 299 × 0.1 = 30.9. 300ஐ அதால் வகுத்தால் 10கூட வராது. 5 படகில் 60 வீதம் எடுத்தால் வகுக்கும் எண் 6.9; கிடைப்பது 43. 15 படகில் 20 வீதம் எடுத்தால் 2.9, கிடைப்பது 103. அளந்தது எல்லாவற்றிலும் அதே 300தான். காலிப்பர் பிடித்துக் கை வலிப்பதற்குப் பதிலாக, கரையில் நாலு எட்டு நடந்து அடுத்த படகுக்குப் போவதில்தான் லாபம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஒரு கூட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி நீளங்கள் சிதறும் அளவு, 2 மி.மீ. என்று வைப்போம். 43 தகவல் இருந்தால் சராசரியில் வரும் பிழை 2ஐ 43இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 0.3, இரண்டு மடங்கு எடுத்தால் 0.6 மி.மீ. பத்துத் தகவல் மட்டும் இருந்தால் இரண்டு மடங்குப் பிழை 1.3 மி.மீ. வளர்ந்த இறால் ஒரு மாசத்தில் தலை ஓட்டில் கூடுவதே 2 மி.மீ. சொச்சம்தான். பிழை 1.3 இருக்கும்போது அந்த வளர்ச்சியைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கூட்டங்களைப் பிரிப்பது

1 மி.மீ. அகலத்தில் வகுப்புகள் போட்டு, பெண்ணுக்குத் தனி, ஆணுக்குத் தனி, மாசத்துக்கு ஒன்று என்று நிகழ்வெண் படம் வரையுங்கள். எல்லா மாசத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே தாளில் அச்சிட்டு, கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களில் மீனுக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மேடு மாசாமாசம் வலப்பக்கம் நகர்வது கண்ணுக்கே தெரியவில்லை என்றால் கணக்கை நம்பி இறங்க வேண்டாம்.

மேட்டின் நடுவைக் கண்டுபிடிக்க 1967இல் பட்டாச்சார்யா சொன்ன முறை இன்றும் அருமையானது. கால்குலேட்டர் இருந்தால் போதும். ஒரு மாசத்தில் 22–23 வகுப்பில் 28 இறால், அடுத்தடுத்து 47, 60, 60, 47, 28 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்து இயல் மடக்கை எடுங்கள்: 0.52, 0.24, 0, −0.24, −0.52. இவற்றை 23, 24, 25, 26, 27 என்ற வகுப்பு எல்லைகளுக்கு எதிரே குறித்தால் நேர்கோட்டில் இறங்கும். கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடம் 25. அதுதான் கூட்டத்தின் சராசரி. மி.மீ.க்கு 0.26 வீதம் இறங்குகிறது. வகுப்பு அகலமான 1ஐ அதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் ஏறக்குறைய 2. இறங்கி வந்த கோடு மறுபடி ஏறி மறுபடி இறங்கினால் அங்கே இன்னொரு கூட்டம் இருக்கிறது. இரண்டு சராசரிக்கும் உள்ள தூரம், இரண்டு திட்ட விலக்கங்களின் சராசரியைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்தது பிரித்ததாகாது.

கணினியில் கலவைப் பரவல் (பல மேடுகளை ஒன்றாகச் சேர்த்த பரவல்) பொருத்தினாலும் இந்த வரம்பு மாறாது. நம் கடலில் இதுதான் பெரிய சிக்கலே. குளிர்நாட்டு மீன்போல வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் குஞ்சு வருவதில்லை. வெப்பக் கடல் இறால் ஏறக்குறைய வருஷம் பூராவும் முட்டை போடும். சில மாசங்களில் கூடுதலாகப் போடும். குஞ்சுகள் புன்னக்காயல் மாதிரி ஆற்று முகங்களில் ஏறி, கொஞ்சம் வளர்ந்து, திரும்பக் கடலுக்கு வரும். ஒரு மாச இடைவெளியில் வந்த இரண்டு கூட்டம் 3 மி.மீ. வித்தியாசத்தில் நின்றால், திட்ட விலக்கம் 2 இருக்கும்போது அவை ஒரே மேடாகத்தான் தெரியும். அதைப் பிரிக்க முயலாதீர்கள். தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் வலுவான கூட்டங்களை மட்டும் தொடருங்கள்.

இடது கோடியில் இருக்கும் முதல் மேட்டை விட்டுவிடுங்கள். பொடி இறால் வலைக் கண்ணில் நழுவிப் போயிருக்கும். மிச்சம் மாட்டியதில் பெரிசுகளே அதிகம். அதன் சராசரி உண்மையைவிடக் கூடித்தான் இருக்கும்.

வளர்ச்சிக் கோடு

ஆஸ்திரிய உயிரியலாளர் பெர்டலன்ஃபி 1938இல் கொடுத்த சூத்திரம்தான் இன்றும் எல்லோரும் எடுப்பது. அதன் உள்ளடக்கம் ஒரே வாக்கியம்: உச்ச நீளத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் வளர்ச்சி வேகம். பாக்கி குறையக் குறைய வேகமும் குறையும். எந்த விகிதத்தில் குறைகிறது என்பதைக் கே என்ற எண் சொல்லும். தனி இறால் ஓடு உரிக்கும்போது மட்டும் படிப்படியாகத்தான் கூடும்; கூட்டத்தின் சராசரியில் அந்தப் படிகள் கரைந்து வழவழப்பான கோடாகிவிடும்.

பழகுவதற்காக நான் வகுப்பில் கொடுக்கும் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் கூட்டத்தின் சராசரி மாசாமாசம் 20.0, 23.1, 25.7, 27.9 மி.மீ. என்று வந்திருக்கிறது. கூடியது 3.1, பிறகு 2.6, பிறகு 2.2. இந்த மாச நீளத்தைக் கிடை அச்சிலும் அடுத்த மாச நீளத்தை நெடு அச்சிலும் குறித்து நேர்கோடு பொருத்தினால், சரிவு 0.84க்குப் பக்கத்தில், வெட்டு (கோடு நெடு அச்சைத் தொடும் இடம்) 6.3க்குப் பக்கத்தில் வரும். நீளங்களை இங்கே ஒரு தசம இடத்துக்குச் சுருக்கித் தந்திருக்கிறேன்; சுருக்காத நீளங்களைப் போட்டால் 0.8465, 6.14. வெட்டை, ஒன்றிலிருந்து சரிவைக் கழித்ததால் வகுத்தால் உச்ச நீளம்: 6.14 ÷ 0.1535 = 40 மி.மீ. சரிவின் இயல் மடக்கையைக் குறி மாற்றி 12ஆல் பெருக்கினால் கே: ஆண்டுக்கு 2.0.

தடைக்கால இடைவெளி இருந்தால் இந்த முறை ஒத்துவராது, ஏனென்றால் இது சம இடைவெளி கேட்கும். அப்போது கூடிய நீளத்தை இடைப்பட்ட நாட்களால் வகுத்து ஒரு நாள் வேகம் எடுங்கள். அதை இரண்டு நீளங்களின் சராசரிக்கு எதிரே குறியுங்கள். கோடு கீழ்நோக்கி இறங்கும். அது கிடை அச்சைத் தொடும் இடம் உச்ச நீளம். சரிவைக் குறி மாற்றி 365ஆல் பெருக்கினால் கே. 61 நாள் ஓட்டை இருந்தாலும் கணக்கு குலையாது.

தொடக்க வயதைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். ஆற்று முகத்தில் கழித்த குழந்தைப் பருவம் நம் அளவில் இல்லவே இல்லை. இல்லாத பகுதிக்குக் கோட்டை நீட்டி ஒரு எண்ணை எழுதி வைப்பதில் என்ன பயன்?

கணினியில் செய்வோருக்கு எலிஃபான் என்ற முறை இருக்கிறது. டேனியல் பாலி 1980களின் தொடக்கத்தில் கொடுத்தது. பழைய ஃபிசாட் மென்பொருளிலும், இப்போது ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் டிராப்ஃபிஷ்ஆர் தொகுப்பிலும் இலவசமாகக் கிடைக்கும். கூட்டங்களை முன்கூட்டிப் பிரிக்காமல், எல்லா மாசத்து மேடுகளையும் அதிகமாகத் தொட்டுச் செல்லும் கோட்டைத் தேடித் தரும். நல்ல கருவி. ஆனால் அது ஒரே ஒரு விடையை நீட்டும்போது அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஏன் என்று பாருங்கள். உச்ச நீளம் 40, கே 2.0 என்றால் 25 மி.மீ. இறால் வளரும் வேகம் 2.0 × 15 = ஆண்டுக்கு 30 மி.மீ. உச்ச நீளம் 38, கே 2.3 என்று வைத்தால் 2.3 × 13 = 29.9. ஒன்றேதான்! 20 மி.மீ.யில் 40க்கு 41.4, 30 மி.மீ.யில் 20க்கு 18.4. நம் தரவு இருக்கும் 20 முதல் 30 வரைக்கும் இரண்டு கோடும் ஒட்டியே போகின்றன. ஆகவே கே மட்டும் கூடியிருக்கிறது, எங்கள் பக்கத்து இறால் வேகமாக வளர்கிறது என்று எழுதுவது பெரும் தவறு. இரண்டு எண்ணையும் ஜோடியாகவே எழுதுங்கள், ஜோடியாகவே ஒப்பிடுங்கள். பூட்ஸ்ட்ராப் (தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பிழையைக் கணிப்பது) செய்யும்போது தனித்தனி இறாலை மறுதேர்வு செய்யாமல் படகு படகாக மறுதேர்வு செய்யுங்கள். வரும் ஜோடிகளைப் புள்ளியாகப் போட்டால் சாய்ந்த வாழைக்காய் வடிவில் மேகம் தெரியும். அந்தப் படத்தையே அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

கவுண்டிலிருந்து நீளம் எடுப்பவர்களுக்கு

வியாபாரிகளின் பழைய பில் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். பல வருஷத்துக் கவுண்ட் அதில் இருக்கும். தலை கிள்ளிய இறாலா முழு இறாலா என்பதை மட்டும் அந்த அண்ணாச்சியிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 60 கவுண்ட் என்றால் சராசரி எடை 16.7 கிராம், 30 என்றால் 33.3 கிராம். எடை ஏறக்குறைய நீளத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) ஏற்றபடி போவதால், எடை இரட்டிப்பாக நீளம் 26 விழுக்காடு கூடினால் போதும்.

ஆனால் சராசரி எடையின் கனமூலத்தைச் சராசரி நீளம் என்று எடுக்கக் கூடாது. 20 மி.மீ. ஒன்று, 40 மி.மீ. ஒன்று என இரண்டு இறாலை எடுங்கள். சராசரி நீளம் 30. எடைகள் 8க்கு 64 என்ற விகிதத்தில் இருக்கும்; சராசரி 36; கனமூலம் 33. மூன்று மி.மீ. கூடிவிட்டது, அதாவது ஒரு மாச வளர்ச்சி. குவியல் எவ்வளவு கலப்போ அவ்வளவு பிழை. பில் புத்தகத்தை நீளமாக மாற்றாமல், உங்கள் வளர்ச்சிக் கோட்டிலிருந்து எடையைக் கணித்து அதைக் கவுண்டோடு ஒப்பிடுங்கள்.

படகுக்காரர்கள் கேட்பதும் எடைக் கணக்கைத்தான்: “கொஞ்ச நாள் விட்டுப் புடிச்சா லாபம் உண்டாம்மா?” மேலே போட்ட அதே கோட்டில், 25.3 மி.மீ. இருக்கும் இறால் எடை இரட்டிப்பாக ஏறக்குறைய மூன்றரை மாசம் ஆகும். இயற்கைச் சாவு விகிதம் (மிஞ்சும் பங்கின் இயல் மடக்கை குறையும் வேகம்) ஆண்டுக்கு 2 என்று வைத்தால், அதற்குள் 100இல் 55 மிஞ்சும். 55 × 2 = 110. எடையில் பத்து விழுக்காடு லாபம்; கவுண்ட் குறைவதால் கிலோ விலையும் ஏறும். சாவு விகிதம் 3 என்றால் மிஞ்சுவது 41, எடை 82. விலை ஏற்றம் மட்டுமே கைகொடுக்க வேண்டும். இந்த இரண்டு விடையையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அவர்கள் அதை நம்பி டீசல் கணக்குப் போடுவார்கள்.

அடுத்த மாசத்தை முன்கூட்டிச் சொல்லிப் பாருங்கள்

கோடு போட்டு முடித்ததும் கடைசி மாசத்துக்கு அடுத்ததைக் கணித்து எழுதி வையுங்கள்: 6.14 + 0.8465 × 27.9 = 29.8 மி.மீ. பிறகு போய் அளவெடுங்கள், 5 படகுக்குக் குறையாமல். முன்பு பார்த்த 0.6 மி.மீ. பிழைக்குள், அதாவது 29.2க்கும் 30.4க்கும் நடுவில் வந்தால் கோடு நிற்கிறது. 28.5 வந்தால் சூத்திரத்தை மாற்ற ஓடாதீர்கள். முதலில் வலைக் கண் மாறியதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அடுத்து, கச்சான் (மேற்குக்) காற்று எழும்பிப் படகுகள் கரையோரமாகவே தொழில் செய்தனவா என்று கேளுங்கள். பெரிய இறால் ஆழத்துக்குப் போயிருந்தால் கரையோர மேடு நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாவது, புதிதாக ஒரு கூட்டம் வந்து அதே மேட்டில் கலந்திருக்கிறதா என்று திட்ட விலக்கத்தைப் பாருங்கள். 2 இருந்தது 2.6 ஆகியிருந்தால் கலப்புதான். இந்த மூன்றும் இல்லையென்று ஆன பிறகுதான் கேயையும் உச்ச நீளத்தையும் திரும்பக் கணக்கிட உட்கார வேண்டும்.